யாருடைய பிள்ளை?

மகள் பிறந்து பத்து நாள் ஆகியும் பெயர்ப் பதிவை முடிக்கவில்லை. அவளுக்கு என்ன பெயர் என்பதில் சண்டை இல்லை, அது அவள் பிறக்கும் முன்பே முடிவாகிவிட்டது. சிக்கலெல்லாம் அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்பதில்தான்.

சிக்கலைக் கிளப்பியது துபாயில் வேலை பார்க்கும் மச்சான். "மாமா, இந்தத் தலைமுறையிலயாவது ஒரு சர்நேம் ஆரம்பிச்சிடுங்க. உங்க தாத்தா பேரையே வச்சிடுங்க. புள்ளைங்க, பேரப்புள்ளைங்க எல்லாருக்கும் அதுவே ஓடட்டும்" என்றான். அவன் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் வரமுடியாது என்றபோது, அவன் அறை நண்பர்கள் பலருக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துவரும் திட்டம் அப்படியே நின்றது. அமெரிக்க விசாவிலோ இரண்டாவது பெயர் இல்லாதவருக்கு 'எஃப்.என்.யூ' என்று ஒரு முதல் பெயரைப் போட்டுத் தருகிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெயர் இருக்கிற மனிதனுக்குப் பெயர் தெரியவில்லை என்று பெயர்!

சிங்கப்பூரில் பிறந்த எனக்கு வேறு மாதிரி வேடிக்கை. என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'எஸ்/ஓ' இருக்கிறது. இன்னாரின் மகன். ஒருமுறை ஒரு நிறுவனத்திலிருந்து "அன்புள்ள மிஸ்டர் சோ" என்று மின்னஞ்சல் வந்தது. யாரோ ஒரு சீனர் என்று நினைத்துவிட்டார்கள் போல. சிரித்துவிட்டு அழித்துவிட்டேன். இப்போது மகளுக்கு 'டி/ஓ' போடுவதா வேண்டாமா என்று யோசிக்கையில் அந்தச் சிரிப்பு வரவில்லை.

மச்சானின் யோசனையை நேர்மையாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு குடும்பப் பெயர் எங்கே, எப்படிப் பிறக்கிறது? அது எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதை மறக்கிறது?

இதற்கு நல்ல உதாரணம் இந்தத் தீவின் முதல் ரெசிடென்ட். 1819 முதல் 1823 வரை சிங்கப்பூரை நடத்திய வில்லியம் ஃபார்க்கர், 1774-இல் ஸ்காட்லாந்தில் அபர்டீன் அருகே பிறந்தவர். ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் 'ஃபார்குவார்' என்று படிப்போம், அங்கே 'ஃபார்க்கர்' என்றுதான் சொல்வார்கள். அந்தக் குடும்பப் பெயரின் மூலம் கேலிக் மொழியின் 'ஃபெரஹர்'. 'மிகவும் அன்பான மனிதன்' என்பது பொருள். தமிழில் அன்பரசன் என்று வைப்பதுபோல ஒரு தாய் தகப்பன் ஆசையாகத் தங்கள் பிள்ளைக்கு வைத்த பெயர் அது. அவன் மகன் 'ஃபெரஹரின் மகன்' என்று அழைக்கப்பட்டிருப்பான். மெக்ஃபார்க்கர், ஃபார்க்கர்சன் என்ற பெயர்களும் இருக்கின்றன. 'மெக்' என்றாலும் 'சன்' என்றாலும் மகன்தான். அதாவது ஃபார்க்கர்சன் என்பது எஸ்/ஓ ஃபார்க்கர். நம் அடையாள அட்டையில் இருப்பதே அவர்கள் பெயருக்குள்ளும் இருக்கிறது, சாய்கோடு மட்டும் இல்லை.

வித்தியாசம் ஒன்றுதான். நம்முடையது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. அவர்களுடையது ஒரு கட்டத்தில் உறைந்துவிட்டது. முன்பு அங்கேயும் மாறிக்கொண்டுதான் இருந்தது. ராபர்ட்டின் மகன் வில்லியம், வில்லியம் ராபர்ட்சன். அவன் மகன் ஜேம்ஸ், ஜேம்ஸ் வில்லியம்சன். ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஷெட்லாந்துத் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டு வரைகூட இப்படி நடந்தது. ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலும் இதுதான் முறை. ஆகவே "தமிழனுக்கு சர்நேம் இல்லை" என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை. படிவங்களை அச்சடித்தவர்கள் உறைந்த பெயர் உள்ளவர்கள், அவ்வளவுதான்.

உறைவதால் லாபம் உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். 1881-இல் பிரிட்டனில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை வைத்து எந்தக் குடும்பப் பெயர் எந்த வட்டாரத்தில் அடர்த்தியாக இருந்தது என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். பெயர் அரிதாக இருந்தால் இன்னும் நல்லது, பூர்வீகத்தைச் சுருக்கமாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒருவர் தன் அரிய பெயரைப் பிடித்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் ஒரு மூலைக்குப் போய் நிற்கலாம். சீன நண்பர்களுக்கும் இது வாய்க்கிறது. ஒரே சீன எழுத்தை ஹொக்கியனில் டான் என்றும் கான்டனீஸில் சான் என்றும் சொல்வார்கள். பெயரைக் கேட்டவுடனே எந்த மொழிக்காரர் வீட்டுப் பிள்ளை என்று ஊகித்துவிடலாம்.

எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பித்தளைச் சொம்பு. தாத்தா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறியபோது கொண்டுவந்தது. கழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது: மு.க. 'க' தாத்தா. 'மு' அவருடைய அப்பா. அந்த 'மு' முத்துவா, முருகனா, முனியனா, முத்தையாவா என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே தாத்தா போய்விட்டார். கேட்க வேண்டிய வயது வந்தபோது சொல்ல ஆள் இல்லை. ஒரு மனிதனின் முழு வாழ்க்கை, வெட்டுபவருக்குக் கூலி மிச்சம் பண்ணிய ஓர் எழுத்தில் நிற்கிறது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் மச்சான் பக்கம் சாய்கிறேன். பெயர் உறைந்திருந்தால் அந்த மனிதர் தொலைந்திருக்க மாட்டாரே?

ஆனால் யோசித்தால், ஃபார்க்கர் குடும்பத்திலும் ஒருவர் தொலைந்துதான் இருக்கிறார். முதல் ஃபெரஹருக்கு அப்பா யார்? அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். பெயர் உறைந்த கணத்தில் அதற்கு முந்தைய எல்லோரும் வெளியே நின்றுவிட்டார்கள். எல்லாக் குடும்பப் பெயருக்குப் பின்னாலும் இப்படி ஒரு 'மு' இருக்கிறார்.

பின்னால் வந்தவர்கள் கதை இன்னும் சுவாரசியம். ஃபார்க்கருக்கு மலாக்காவில் நோனியோ கிளெமென்ட் என்ற துணைவி இருந்தார். பிரெஞ்சு, மலாய் இரு வழியும் கலந்தவர். அவர்களுடைய மகள் எஸ்தர், 1824-இல் 'சிங்கப்பூர் கிரானிக்கிள்' என்ற இங்கத்திய முதல் பத்திரிகையைத் தொடங்கிய பிரான்சிஸ் ஜேம்ஸ் பெர்னார்டை மணந்தார். அந்த வழியில் வந்தவர்தான் கனடாவின் பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோ. ஃபார்க்கர் பெர்னார்டாகி, கடைசியில் ட்ரூடோ ஆகிவிட்டது. ரத்தம் போன வழி வேறு, பெயர் போன வழி வேறு. பெண்கள் வழியாகப் போனதை எந்தக் குடும்பப் பெயரும் கணக்கில் எடுப்பதில்லை. எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டிகளில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்ற ஏழு பேரை விட்டுவிடுவதற்குத்தான் நாம் வம்சம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சரி, தமிழர்களுக்கு நிலைத்த பெயரே இருந்ததில்லையா? இருந்தது. 1819-இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து இறங்கியவர் நாராயண பிள்ளை. 1827-இல் மாரியம்மன் கோவிலை எழுப்பியவர். நூறாண்டு கழித்து சிராங்கூன் சாலையில் கடைகள் நடத்திப் பெரும் வணிகரானவர் கோவிந்தசாமி பிள்ளை. இருவருக்கும் ரத்த உறவு இல்லை, பின்னொட்டு மட்டும் ஒன்று. அது குடும்பத்தின் பெயரல்ல, சாதியின் பெயர். இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். பிள்ளை என்றால் மகவு. யாருடைய பிள்ளை என்று அந்தப் பெயர் சொல்வதில்லை. எந்தக் கூட்டத்தின் பிள்ளை என்று மட்டும் சொல்கிறது. எஸ்/ஓ சொல்வது இதற்கு நேர் எதிர்: இந்த ஒரு மனிதனின் மகன், அதற்கு மேல் கேட்காதே.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஈ.வெ.ராமசாமி நாயக்கர் நாயக்கரை விட்டார். மாநாட்டுத் தலைவர் சௌந்தரபாண்டியன் நாடாரை விட்டார். அந்த ஆண்டின் கடைசியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். இங்கே அந்தச் சிந்தனையை ஊன்றிய கோ. சாரங்கபாணி 1935-இல் வெளிவரத் தொடங்கிய 'தமிழ் முரசு' வழியாக அதை வளர்த்தார். அந்த 'கோ' கோவிந்தசாமி, அவருடைய அப்பா. ஆக, நம்மிடம் குடும்பப் பெயர் இல்லாதது வெறும் பழக்கம் மட்டுமல்ல. பலருக்கு அது ஒரு முடிவு. பேரைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவன் என்னை எடைபோட்டுவிடக் கூடாது என்ற முடிவு. இனிஷியல் என்பது பாதி சாத்திய கதவு.

ஸ்காட்லாந்தில் பெயரைத் துறந்தவர்களும் உண்டு, ஆனால் தாங்களாக அல்ல. 1603-இல் மன்னர் ஆறாம் ஜேம்ஸ், மெக்ரெகர் என்ற பெயரையே தடைசெய்தார். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டால் மரண தண்டனை. இடையில் சில காலம் நீங்கி மறுபடி வந்த அந்தத் தடை 1774-இல்தான் முழுதாக ஒழிந்தது. அதுவரை அந்தக் கூட்டத்தார் மரே, டிரம்மண்ட், கிரஹாம் என்று கிடைத்த பெயரில் வாழ்ந்தார்கள். அவர்களில் புகழ்பெற்ற ராப் ராய் தன் அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்: கேம்பல். நம் தேக்காவில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கும் சந்துக்கும் அதே பெயர்தான், கேம்பல் லேன். பொங்கலுக்குக் கரும்பும் பானையும் வாங்க அங்கே எத்தனை முறை போயிருப்பேன்! அப்பா வழிப் பெயர் உயிருக்கு ஆபத்தாக ஆனபோது ஒருவனைக் காப்பாற்றிய அம்மா வழிப் பெயர் அது என்று இப்போதுதான் தெரிந்தது.

இதை மனைவியிடம் சொன்னேன். குழந்தைக்குத் துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "சாதிப் பேரை விட்டாச்சு, சரி. உங்க தாத்தா பேர் வேணுமா, உங்க பேர் வேணுமான்னு ஒரு வாரமா நீங்களும் என் தம்பியும் பேசிக்கிட்டே இருக்கீங்க. என்னை யாராவது கேட்டீங்களா?"

பதில் இல்லை. சாதியை வெட்டி எறிந்த தலைமுறையும் 'கோ' என்றும் 'ஈ.வெ.' என்றும் அப்பாவையும் ஊரையும்தான் முன்னால் வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் இப்போது அம்மா பெயரை இனிஷியலாக வைப்பவர்கள் இருக்கிறார்கள், இன்னும் சிலர்தான். சொம்பில் 'மு' யார் என்று தெரியாமல் மருகினேனே, தாத்தாவுடைய அம்மாவின் பெயரை ஒருநாளும் தேடியதில்லை. அவளுக்கு ஓர் எழுத்துகூட இல்லை.

என் கேள்வியே தவறு என்று அப்போதுதான் உறைத்தது. நினைவு வைத்திருக்கும் வேலையைப் பெயரிடம் ஒப்படைக்கப் பார்த்தேன். பெயர் தானாக எதையும் நினைவில் வைக்காது. ஃபார்க்கர் என்ற பெயரோடு திரியும் எத்தனை பேருக்கு அது அன்பான ஒருவனின் பெயர் என்று தெரிந்திருக்கும்? பெயர் நிலைத்துவிட்டால் கேட்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. மாறிக்கொண்டே இருக்கும் பெயருக்கோ ஒவ்வொரு தலைமுறையும் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. தவறு இனிஷியலுடையது அல்ல, எங்களுடையது.

மகளுக்கு அவள் பெயர். பின்னால் அவள் அம்மாவின் பெயர், அதற்குப் பின் என் பெயர். நடுவில் சாய்கோடு வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவளுக்குக் குழந்தை பிறந்தால் எங்கள் பெயர்கள் கீழே இறங்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தைக்கு அதன் அப்பா அம்மா போதும். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இரண்டு வீட்டிலும் தெரிந்தவரை எல்லோர் பெயரையும் முழுதாக எழுத ஆரம்பித்திருக்கிறோம். மாமியார் தன் அம்மாவின் அம்மா வரைக்கும் சொன்னார். கொள்ளுத்தாத்தாவின் இடத்தில் 'மு' என்று எழுதி, மீதியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

மச்சானிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் சரி மாமா, நாளைக்கு அவ துபாய் வந்தா சர்நேம் கட்டத்துல எதை எழுதுவீங்க?" என்றான்.

"அதான் ரெண்டு பேரு இருக்கே, ஏதாவது ஒண்ணு. அந்தக் கட்டத்துக்கு அது போதும்" என்றேன்.