யார் கணக்கில் மிச்சம்?

உங்கள் வீட்டில் பிரிண்டர் இருக்கிறதா? இருந்தால், ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அது உங்களைக் கட்டாயம் கைவிட்டிருக்கும். காலையில் பையன் பள்ளிக்கூடத்தில் புராஜெக்ட் கொடுத்தாக வேண்டும். நாலு பக்கம்தான் பாக்கி. அப்போது பார்த்துத் திரையில் 'இங்க் தீர்ந்துவிட்டது' என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். செங்கல்பட்டு முழுக்க அலைந்தாலும் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டிருப்பார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "இதுக்கு மை வாங்கிப் போட்டே நாம ஓட்டாண்டி ஆகிடுவோம் போல!"

அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு, லாபத்தை மையில் எடுப்பது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம். ரேஸர் கைப்பிடி சல்லிசு, பிளேடுதான் காசு என்கிற அதே கதை. டப்பாவில் 'இத்தனை பக்கம் வரும்' என்று போட்டிருக்கிறார்களே, அதுகூட ஒரு பக்கத்தில் சுமார் 5 சதவிகித இடத்தில்தான் மை படும் என்று வைத்துப் போட்ட கணக்கு. பையன் முழுப் பக்கத்துக்கு நீலக்கடலும் கடற்கரைக் கோயிலுமாக அச்சடித்தால், கணக்கு எங்கே நிற்கும்?

ஆகவே சிக்கனமாக இருக்க முடிவு செய்கிறோம். ரொம்ப நல்லது. ஆனால் எது சிக்கனம்? அங்கேதான் சின்னதாக ஒரு தர்மசங்கடம் இருக்கிறது.

வீட்டு மையை மிச்சப்படுத்த நம் ஊரில் ரொம்பப் பிரபலமான வழி ஒன்று உண்டு. "எதுக்குங்க வீட்ல பிரிண்டரு? ஆபீஸ்ல எடுத்துக்கலாமே!" சிறுசேரியின் ஐ.டி. கட்டடமாக இருந்தாலும் சரி, மறைமலைநகர் ஃபாக்டரியாக இருந்தாலும் சரி, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பிரிண்டர் அருகே போய்ப் பாருங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், குழந்தையின் ஹால் டிக்கெட், கல்யாண சமையல் லிஸ்ட் எல்லாம் வரிசையாக வந்து விழும்.

தப்பா? "கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு சொட்டு சார். தினமும் ரெண்டு மணி நேரம் சும்மா வேலை வாங்குறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். அந்த ரெண்டு மணி நேரத்துக்குக் காசு கேட்பது உங்கள் உரிமை, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் நாலு பக்கம் அச்சடித்துக்கொண்டு அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்வது வேறு விஷயம். மேனேஜரே "எடுத்துக்கோப்பா" என்றால் பிரச்னையே இல்லை. இல்லையென்றால், ஒன்றை யோசியுங்கள். பட்டனை அழுத்திவிட்டு மெஷினை நோக்கி ஏன் அவ்வளவு வேகமாக நடக்கிறீர்கள்?

இங்கே மை மிச்சமாகவில்லை. அதே சொட்டு செலவாகத்தான் செய்தது. செலவு உங்கள் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், மற்ற வழிகளையும் எடைபோட்டுப் பார்த்துவிடலாம்.

ரீஃபில் செய்வது தப்பா? கம்பெனிக்காரர்கள் ஒரிஜினல்தான் போட வேண்டும் என்பார்கள். பல கார்ட்ரிட்ஜ்களில் சின்ன சிப் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது மையை அளந்து பார்ப்பதில்லை, எத்தனை சொட்டு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதனால் மை மீதம் இருக்கும்போதே 'தீர்ந்தது' என்று வருவதும் உண்டு. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் கம்பெனி, தன் காலி டோனர் கார்ட்ரிட்ஜ்களை வாங்கி நிரப்பி விற்ற ஒரு சின்ன நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 2017 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒரு பொருளை விற்றுவிட்டால், அதன் மேல் உனக்கிருந்த காப்புரிமையும் அந்த விற்பனையோடு முடிந்தது. வாங்கியவர் அதை என்ன செய்தாலும் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது.

"ஆனால் கம்பெனி மையை நம்பித்தானே பிரிண்டரை மலிவாகக் கொடுத்தது? அவர்கள் தலையில் செலவைத் தள்ளுவது ஆகாதா?" என்று மனசாட்சியுள்ள வாசகர் யாராவது கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் எதிர்பார்ப்பு வேறு, கடன் வேறு. இட்லியை மலிவாகப் போட்டு, நீங்கள் காபியும் குடிப்பீர்கள் என்று ஓட்டல்காரர் எதிர்பார்க்கலாம். காபி குடிக்காமல் எழுந்து வந்தால் நீங்கள் திருடர் ஆகிவிட மாட்டீர்கள். உங்கள் பிரிண்டரில் நீங்களே நிரப்பினால், அது கெட்டுப்போகிற ஆபத்தும் உங்களுடையதே. அதே ரீஃபிலைப் புது அட்டைப்பெட்டியில் போட்டு 'ஒரிஜினல்' என்று ஒருவர் விற்றால், அது மோசடி. ஆபத்தை வாங்குகிறவர் தலையில், அவருக்கே தெரியாமல் கட்டுகிறார்.

நேர்மையான சிக்கனத்துக்குப் பலமும் உண்டு. இந்தோனேசியாவில் ஜனங்கள் பிரிண்டருக்கு வெளியே தாங்களாகவே மைத் தொட்டி கட்டிக் குழாய் இழுத்துவிட்டார்கள். அதைப் பார்த்த எப்ஸன் கம்பெனி, 2010-ல் அங்கேயே டேங்க் வைத்த பிரிண்டரை அறிமுகப்படுத்தியது. இன்று நம் கடைகளிலும் வரிசையாக நிற்கிறது. மெஷின் விலை கூடுதல், பாட்டில் மை மலிவு.

அடுத்து, எழுத்தைச் சுருக்குவது. 2014-ல் அமெரிக்காவில் 14 வயதுப் பையன் ஒருவன், அரசாங்கம் கேரமாண்ட் என்ற எழுத்துருவுக்கு மாறினால் கோடிக்கணக்கில் மை மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். உலகமே பாராட்டியது. அப்புறம் எழுத்துரு தெரிந்தவர்கள் நிதானமாகச் சொன்னார்கள்: "தம்பி, அந்த எழுத்து அதே அளவு எண்ணில் மற்றதைவிடப் பார்வைக்குச் சின்னது. அதுதான் ரகசியம்." மை மிச்சம் என்னவோ நிஜம். ஆனால் அதற்கான விலையைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கிற பெரியவர் கொடுக்கிறார்.

சில சமயம் செலவை நம்மிடமிருந்து நம்மிடமே மாற்றி ஏமாந்தும் போகிறோம். கரன்ட் மிச்சம் என்று பிரிண்டரைச் சுவரிலிருக்கிற ஸ்விட்சில் பட்டென்று அணைக்கிறோம். மெஷினின் சொந்த பட்டனை அழுத்தினால்தான் மை வரும் முனை மூடியில் போய் ஒழுங்காக உட்காரும். இல்லையென்றால் மை காயும். பல மாடல்களில், அடுத்த முறை போட்டதும் மெஷின் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். சுத்தம் செய்வது எதைக் கொண்டு? நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அதே மையைக் கொண்டுதான். காசு மிச்சம் பிடித்து ரூபாயை விடுகிறோம்.

அப்படியானால் நிஜமான சிக்கனம் எப்படி இருக்கும்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே சாளுவன்குப்பத்தில் இறங்கிப் பாருங்கள். அங்கே அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே சமஸ்கிருதக் கல்வெட்டை இரண்டு இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பல்லவ கிரந்த எழுத்து, மறுபக்கம் நாகரி எழுத்து. உளி பிடித்துப் பாறையில் எழுதுவது என்ன பாடு! ஒரு எழுத்து தப்பினால் அழிக்க முடியாது. அப்படியும் ரெண்டு காப்பி. வீண் என்று சொல்வீர்களா? எந்த எழுத்து தெரிந்தவரும் படிக்கட்டுமே என்று நினைத்திருக்கலாம். சுமார் 1,300 வருஷமாகப் பயன்பட்டுக்கொண்டே இருக்கிறது.

ஓலைச்சுவடி இதற்கு இன்னொரு பக்கம். எழுத்தாணியால் கீறிவிட்டு, விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, துடைத்துவிடுவார்கள். கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். மை எழுத்துக்கு மட்டும், எழுத்து படிக்கிறவருக்கு. கல்வெட்டில் தாராளம், ஓலையில் கட்டுசெட்டு. ஆனால் இரண்டிலுமே செலவான உழைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது.

நம் வீண் எல்லாம் வேறு ரகம். எஸ்.எம்.எஸ். காட்டினாலே போதும் என்கிற ரயில் டிக்கெட்டை ரெண்டு காப்பி எடுப்பது. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த 100 பக்க கல்லூரி ரிப்போர்ட்டை மூணு செட் கேட்பது. பிரிவியூ பார்க்காமல் அடித்துவிட்டு, கடைசித் தாளில் ஒற்றை வரி வந்ததும் கசக்கிப் போடுவது.

கடைசியாக அந்தக் காலி கார்ட்ரிட்ஜ். பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் சட்டப்படி மின்கழிவு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. ஆனால் குப்பைத்தொட்டியில் வீசுவது நமக்குச் சுலபம், செலவும் இல்லை. மழைத்தண்ணீர் தெருவில் கிடப்பதை இழுத்துக்கொண்டு எங்கே போகும்? கடலுக்குத்தான். தை, மாசி, பங்குனி மாதங்களில் கோவளம் முதல் மாமல்லபுரம் வரைக்கும் உள்ள இதே கரையில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. நீங்கள் கொடுக்காத செலவு யார் கணக்கில் எழுதப்படும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? வாங்கிய கடையிலோ, கம்பெனியின் சேகரிப்பு மையத்திலோ திருப்பிக் கொடுங்கள். ஒரு போன் பண்ணி விசாரித்தால் தெரிந்துவிடும்.

அடுத்த தடவை பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தாளை யார் படிக்கப் போகிறார்கள்? இதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அச்சடிக்காதீர்கள். இரண்டாவதற்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தால், கண்டிப்பாக அச்சடிக்காதீர்கள்.