புகை எந்த மலையது?

சீடன்: ஐயா, மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்கின்றன அளவை நூல்கள். பாறைக்குள் கொலஸ்ட்ராலின் எச்சம் கிடைத்தால், உட்கரு உள்ள உயிர் அங்கே வாழ்ந்தது என்று கொள்ளலாம் அல்லவா?

குரு: எச்சம் என்பது எது, சொல்.

சீடன்: ஸ்டெரேன். செல் மடிந்து புதைந்தபின் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்புகளும் போய்விட, நான்கு கார்பன் வளையங்கள் கொண்ட சட்டகம் மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிற்கும்.

குரு: சரி. 1999-இல் யோகென் பிராக்ஸும் உடன் ஆய்ந்தோரும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில், 270 கோடி ஆண்டுப் பழைய களிப்பாறையில் ஸ்டெரேன் கண்டதாக எழுதினார்கள். கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டீரால்களைச் செய்ய ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் பெருகியதோ அதற்குச் சுமார் 30 கோடி ஆண்டுகள் கழித்து. எவ்வளவு பெரிய செய்தி!

சீடன்: அது பொய்யா?

குரு: மூலக்கூறு பொய் சொல்லவில்லை. புகை நெருப்பைக் காட்டும். அந்த நெருப்பு இந்த மலையில் எரிந்ததா, புகை பக்கத்து மலையிலிருந்து காற்றில் வந்ததா என்று காட்டாது.

சீடன்: பிரித்தறிவது எப்படி?

குரு: கார்பனையே கேட்டார்கள். நூறு கார்பன் அணுக்களில் ஏறக்குறைய ஒன்று, சற்றுக் கனமான கார்பன்-13. உயிர்கள் இலேசான கார்பன்-12-ஐயே கூடுதலாக எடுத்துக்கொள்ளும். எவ்வளவு கூடுதல் என்பது அவை வாழும் முறையைப் பொறுத்தது. ஒரே மூலத்தில் பிறந்த எண்ணெயும் கரியும் ஏறத்தாழ ஒரே விகிதம் காட்ட வேண்டும். 2008-இல், பாறைக்குள் இறுகிக் கிடந்த பழைய எண்ணெய்த் துகள்களை இருந்த இடத்திலேயே அயனிக் கற்றையால் அளந்தார்கள். பாறையிலிருந்து ஸ்டெரேனோடு கரைத்தெடுத்த எண்ணெயைவிட அவற்றில் கார்பன்-13 விகிதம் ஆயிரத்துக்கு 10 முதல் 20 வரை குறைவு. ஆக, ஸ்டெரேன் இருந்த எண்ணெய் பிறகு வந்து சேர்ந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் பிராக்ஸும் ஒருவர். தன் முடிவைத் தானே சோதித்து விலக்கிய அந்த நேர்மையை நான் வணங்குகிறேன்.

சீடன்: எங்கிருந்து வந்திருக்கும்?

குரு: துளையிடும் கருவியின் எண்ணெய், அறுக்கும் ரம்பம், மாதிரியைக் கட்டும் பிளாஸ்டிக் பை, எதிலும் பெட்ரோலியத்தின் சுவடு இருக்கலாம். மிகத் தூய்மையாகத் துளையிட்டு எடுத்த புதிய பாறைகளை ஆராய்ந்த முடிவு 2015-இல் வந்தது. கண்டறியும் அளவுக்கு ஸ்டெரேனே இல்லை.

சீடன்: அப்படியானால் அந்த உயிரும் அங்கே இல்லை.

குரு: பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை உண்டா? நெருப்பு இல்லை என்பாயா?

சீடன்: மாட்டேன், ஐயா.

குரு: இன்றைய செல் ஸ்டீராலைச் செய்யும் வழியில் கடந்துபோகும் இடைநிலைப் பொருள்களே ஒரு காலத்தில் முடிந்த பொருளாக இருந்திருக்கலாம் என்று கொன்ராட் பிளாக் 1994-இல் எழுதினார். அவை பாறையில் எந்த உருவில் எஞ்சும் என்று தெரியாமல் எதைத் தேடுவது? பிராக்ஸின் குழு அவற்றை ஆய்வகத்தில் மாற்றிப் பார்த்து அந்த உருவத்தைக் கண்டது. பிறகு வட ஆஸ்திரேலியாவின் 164 கோடி ஆண்டுப் பழைய பார்னி கிரீக் பாறையில் தேடியது. 2023-இல் முடிவை வெளியிட்டார்கள்: இன்றைய ஸ்டெரேன் தென்படாத அந்தப் பாறையில் பிளாக் சொன்ன பொருள்களின் எச்சம் ஏராளமாக இருந்தது.