கேட்க முடியாத ஒரு புளூஸ்

அமெரிக்க புளூஸ் பாடகர் வில்லி பிரவுன் 1930-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டன் ஊரில், பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடினார். அன்று பதிவான 'ஃபியூச்சர் புளூஸ்' இன்று எவர் கைபேசியிலும் ஒலிக்கும். 'கிக்கிங் இன் மை ஸ்லீப் புளூஸ்' ஒலிக்காது. அதன் தட்டு எண் 13099. எண் பட்டியலில் இருக்கிறது, ஒரு பிரதிகூட இதுவரை அகப்படவில்லை.

பாரமவுண்டை நடத்தியது ஒரு நாற்காலி கம்பெனி. கிராமபோன் பெட்டி செய்தவர்கள், அதையொட்டித் தட்டும் விற்றார்கள். தட்டு செய்த ஷெல்லாக் அரக்கு மட்டமானது; போதாததற்குப் பொருளாதார வீழ்ச்சி வேறு. 1930-களின் தொடக்கத்திலேயே பதிவு நின்றது, மூல அச்சுகள் காக்கப்படவில்லை. எனவே இன்று இணையத்தில் கேட்பவை யாரோ வாங்கித் தேயத் தேயக் கேட்ட தட்டுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. பாட்டோடு வரும் கரகரப்பு அந்தத் தேய்மானம். மேரிலாண்டின் ஜோ பஸ்ஸார்ட் போன்றவர்கள் தென்மாநில வீடுகளில் கதவு தட்டி அவற்றைச் சேர்த்தார்கள். அவர்கள் தட்டாத வீட்டில் 13099 இருந்திருக்குமா?

தட்டுகளை மட்டுமல்ல, பாடியவர்களையும் தேடினார்கள். பாட்டே ஆளைக் காட்டிக்கொடுத்ததும் உண்டு. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் பாடிய ஒரு பாட்டில் அவலான் தன் ஊர் என்கிறார். அதை நாடாப் பிரதியில் கேட்ட புளூஸ் ஆர்வலர் டாம் ஹாஸ்கின்ஸ், 1963-இல் அந்தச் சிற்றூருக்குப் போனார். ஹர்ட் அங்கேயே இருந்தார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் பாடினார். மறுஆண்டு இன்னொரு பழைய புளூஸ் பாடகர் சன் ஹவுஸ் ரோச்செஸ்டர் நகரில் கிடைத்தார். அவருடைய தோழர் பிரவுன் 1952-லேயே இறந்துவிட்டார். 'கிக்கிங் இன் மை ஸ்லீப் புளூஸ்' பற்றி பிரவுனிடம் கேட்க வழியில்லாமல் போனது பெரிய இழப்பு.

இணையம் வந்தபின் தேடல் ஓரளவு எளிதானது உண்மை. புளூஸ் பாடகர் டாமி ஜான்சனின் அரிய பாரமவுண்ட் தட்டு ஒன்று 2013-இல் ஈபே ஏலத்துக்கு வந்து 37,100 டாலருக்குப் போனது. ஆனால் வலையில் ஏறியதைத்தான் வலையில் தேட முடியும். எல்லாம் கிடைக்கும் காலத்தில், கிடைக்காத மூன்று நிமிடம் மனத்தில் அளவுக்கு மீறிப் பெரிதாகிறது. பாட்டு நிஜமாகவே அவ்வளவு உயர்ந்ததா, கிடைக்காததால் உயர்ந்ததா என்று கேட்காமல் சொல்ல இயலாது. சாதாரணப் பாட்டாகவே இருந்தாலும் அது ஒரு மனிதரின் குரல், தேடத் தகுந்தது.

பழைய ஷெல்லாக் தட்டு வைத்திருப்போர், எறிவதற்குமுன் லேபிளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.