பத்தோடு பதினொன்று

1997 ஜூலை 13 அன்று கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஏறக்குறைய 1,31,000 பேர் கூடியிருந்தார்கள். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை 4-1 என்று வென்றது. அந்த நாலில் மூன்று கோல் பைச்சுங் பூட்டியா அடித்தது. சிக்கிமில் டிங்கிடாம் என்ற மலைக்கிராமத்துப் பையன். அப்போது வயது 20.

இரண்டு வருடம் கழித்து, 1999 செப்டம்பர் 30-ல், அதே பூட்டியா இங்கிலாந்தில் பரி என்ற கிளப்பில் சேர்ந்தார். மான்செஸ்டருக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். 1900-லும் 1903-லும் எஃப்.ஏ. கோப்பை வாங்கிய பழம்பெருமை அந்த கிளப்புக்கு உண்டு. ஆனால் இவர் போனபோது அது மூன்றாம் அடுக்கில் கிடந்தது. அதன் மைதானம் முழுக்க நிரம்பினாலும் 12,000 பேரைத் தாண்டாது. அந்த இடமும் சும்மா கிடைக்கவில்லை. ஃபுல்ஹாம், ஆஸ்டன் வில்லா, வெஸ்ட் பிராம் மூன்றும் இவரை ஆடவிட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன பிறகு கிடைத்த இடம் அது. முதல் ஆட்டத்தில், அக்டோபர் 3-ல் கார்டிஃப் அணிக்கு எதிராக, மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினார். முதல் லீக் கோலுக்கு 2000 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் முழங்கால் காயம். அணி நான்காம் அடுக்குக்கு இறங்கியது, கிளப்பின் கஜானாவும் காலியானது. 2002-ல் ஊர் திரும்பும்போது கணக்கு இது: 37 லீக் ஆட்டம், 3 கோல்.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே கேட்பார்கள்: "இங்க ராஜாவா இருந்த ஆளு, அங்க போய் எதுக்குப் பத்தோட பதினொண்ணா நிக்கணும்?"

இந்தக் கேள்வி கால்பந்துக்கு மட்டுமானதில்லை. ஊரில் பேர் வாங்கிய ஒருத்தர், தன்னை யாரும் கண்டுகொள்ளாத இடத்துக்குப் போய்ச் சாதாரண ஆளாக இருப்பதில் என்ன அர்த்தம்? பணம் என்பது எளிய பதில். 'வெளிநாட்டு மோகம்' என்பது அதைவிட எளிய பதில். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மூன்றாவது ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். தன் அளவைத் தெரிந்துகொள்ளும் ஆசை.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அந்தப் பழமொழியை நாம் எப்போதும் கேலியாகவே சொல்கிறோம். ஆனால் இலுப்பைப்பூவின் இனிப்பு பொய்யில்லை. அது எவ்வளவு இனிப்பு என்பது சர்க்கரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். என் தொழிலில் 'என் மெஷின்ல ஓடுதே' என்று ஒரு பிரபலமான சாக்கு உண்டு. எழுதியவனின் கணினியில் எந்த மென்பொருளும் ராஜாதான். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்து தட்டும்போதுதான் அதன் தாங்குதிறன் தெரியும். 1,31,000 பேரின் கைதட்டல் தராத ஒரு தகவலை, சில ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு மூன்றாம் அடுக்கு மைதானம் தரும். அந்தத் தகவல் கசப்பாக இருந்தாலும், அது வேண்டும் என்று போவது ஒரு நேர்மை. கல்கத்தாவிலேயே இருந்து, 'போயிருந்தா கலக்கியிருப்பேன்' என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு பூட்டியா இருந்திருக்கலாம். அவரிடம் இப்போது அந்தக் கற்பனைக்குப் பதிலாக 37, 3 என்ற இரண்டு எண்கள் இருக்கின்றன.

இந்த அளவெடுப்புக்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். 2009-ல் சுனில் சேத்ரியை லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுக்கத் தயாராக இருந்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70-க்குள் இல்லை என்று பிரிட்டன் வேலை அனுமதியை மறுத்தது. ஒரு ஆளை அளக்கப் போன இடத்தில் அவருடைய நாட்டை அளந்து அனுப்பிவிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி, போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனின் 'பி' அணி. அந்த 'பி' அணிக்காக அவர் ஆடியது 3 ஆட்டம். இந்தியாவுக்காக 90-க்கும் மேல் கோல் அடித்தவர் அவர்.

இதுவரை சொன்னது எனக்கே பிடித்திருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் சந்தேகமும் வருகிறது. காரணம் மலப்புறம்.

நவம்பர் முதல் மே வரை கேரளத்தின் வடபகுதியில் செவன்ஸ் நடக்கும். அணிக்கு ஏழு பேர், தற்காலிகமாகக் கட்டிய கேலரி, கழுத்துவரை கூட்டம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லாத ஆட்டம். அதில் ஆட நைஜீரியா, கானா, லைபீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளிலிருந்து வருகிறார்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. கால் போனால் கூலியும் போச்சு. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் 'சூடானி' என்று கூப்பிடும் வழக்கத்தை, 2018-ல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' படத்தின் தலைப்பே சொல்லிவிடும். 2024 மார்ச்சில் அரீக்கோடு பக்கம் ஓர் ஐவரி கோஸ்ட் வீரரைப் பார்வையாளர்கள் துரத்தி அடித்த காணொளி பரவியது. தன் மேல் கல் எறிந்தார்கள், நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று அவர் போலீசில் புகார் கொடுத்தார்.

வெளிநாட்டில், கீழ் அடுக்கில், பேர் தெரியாமல் ஆடும் ஆட்டக்காரர் என்றால் இவரும் அவர்தானே? இவரிடம் போய் 'நீங்கள் உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள வந்தீர்களா' என்று கேட்க எனக்கு வாய் வராது. பூட்டியா தோற்றாலும் திரும்பிவர ஒரு கல்கத்தா இருந்தது. அந்த 3 கோலும் இங்கே பெருமைக் கதையாகிவிட்டன. திரும்பும் வழி உள்ளவருக்குத்தான் தோல்வி ஒரு தகவல். அது இல்லாதவருக்குத் தோல்வி வெறும் பட்டினி.

அப்படியென்றால் மேலே சொன்ன நேர்மை வசதியானவர்களின் சரக்கா? முழுக்க அப்படி இல்லை. போகிறவரின் மனதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து இறங்கும் ஊரை மறந்துவிட்டேன். அளவு எடுக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் தென்னேரிப் பக்கம் கோடையில் டோர்னமென்ட் நடந்தால், கப் அடிக்க வெளியூர் ஆள் ஒருத்தரைக் காசு கொடுத்து இறக்குவது வழக்கம். ஜெயித்தால் 'நம்ம பசங்க ஜெயிச்சாங்க'. தோற்றால் 'காசு வாங்கிட்டு ஆடவே இல்ல அவன்'. ஜெயித்த நாளிலும் அவர் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சாப்பாடு போட்டு, பஸ் ஏற்றிவிட்டு, மறந்துவிடுவோம்.

பரி ரசிகர்கள் பூட்டியாவை ஆட்டத்தை வைத்து அளந்தார்கள். போதவில்லை என்றால் பெஞ்சில் உட்கார்ந்தார். அதில் அவமானம் இல்லை. பிரிட்டனின் விசா அதிகாரி சேத்ரியை நாட்டை வைத்து அளந்தார். மலப்புறத்துக் கூட்டம் ஒருவரைத் தோலை வைத்து அளந்தது. கீழ் அடுக்கில் ஆடுவது ஒருவரைச் சிறுமைப்படுத்துவதில்லை. ஆட்டத்தைத் தவிர வேறெதையாவது வைத்து அளப்பதுதான் சிறுமைப்படுத்துகிறது.

பத்தோடு பதினொன்று என்பதை நாம் வசவாகவே வைத்திருக்கிறோம். கால்பந்தில் பத்துப் பேரோடு ஆடுவது சிவப்பு அட்டையால் வரும் தண்டனை. பதினொன்றாவது ஆள் இருந்தால்தான் அது முழு அணி. பூட்டியாவின் 37 ஆட்டங்களை நாம் எண்ணி வைத்திருக்கிறோம். அரீக்கோட்டில் அடி வாங்கியவர் அந்தப் பருவத்தில் எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை கோல் அடித்தார் என்று நம்மில் யாராவது கேட்டோமா?