டெலியாவின் படத்தை அச்சிடலாமா?

அமெரிக்காவில் 'அமெரிக்க ஆய்வியல்' என்று ஒரு மேற்படிப்பு. வரலாறு, இலக்கியம், சட்டம், மானிடவியல் என்று வேலி போட்டு வைத்திருந்ததையெல்லாம் வேலியைப் பிடுங்கிவிட்டுச் சேர்த்துப் படிப்பது. ஹார்வர்டில் 1937லேயே இதற்கு முனைவர் பட்டத் திட்டம் வந்துவிட்டது. படிக்கப்படுகிறவன் சம்மதத்தை யார் கேட்பது என்பதை மட்டும் எந்த வேலிக்குள்ளும் யாரும் வைக்கவில்லை.

1850இல் ஹார்வர்டுப் பேராசிரியர் லூயி அகாசி, கறுப்பரும் வெள்ளையரும் வேறு வேறு படைப்பு என்று நிரூபிக்க ஆசைப்பட்டார். தென் கரோலினாவில் அடிமைகளாக இருந்தவர்களைத் துணி அவிழ்க்கச் சொல்லி, தகட்டில் படம் பிடிக்க வைத்தார். அதில் ரெண்ட்டி என்ற பெரியவரும் அவர் மகள் டெலியாவும் உண்டு. அப்பன் படம் பிடிபட்ட அதே இடத்தில் மகளும் மார்பு தெரிய நிறுத்தப்பட்டாள். அதுக்குப் பேரு அறிவியல்!

நமக்கு இது புதுசில்லை. சென்னை அருங்காட்சியகத்திலிருந்த எட்கர் தர்ஸ்டன் நம்ம சனங்க மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதி போட்டார். அளக்கக் கொடுத்தவங்க சம்மதத்தை யாரு கேட்டா?

அந்தத் தகடுகள் 1976இல் ஹார்வர்டு அருங்காட்சியகப் பரணில் கிடைத்தன. கேரி மே வீம்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் 1990களில் அவற்றுக்குச் சிவப்புச் சாயமேற்றித் தன் படைப்பில் வைத்தபோது, வழக்குப் போடுவோம் என்றது பல்கலைக்கழகம். பிடுங்கினவன் கையில் பட்டா.

இன்று ஆய்வேடு எழுதும் கறுப்பின மாணவி என்ன செய்வாள்? படத்தைப் போட்டால் டெலியாவை இன்னொரு தடவை சபையில் நிறுத்துகிறாள். போடாவிட்டால் அகாசியின் குற்றத்துக்குச் சாட்சி இல்லாமல் போகிறது. சைதியா ஹார்ட்மன் 1997இல் எழுதிய நூலில், அடிமைப் பெண் அடிபடும் காட்சியை எடுத்தெழுத மறுத்தார். மறுத்தாலும் அது திரும்ப வரத்தான் செய்யுது என்று ஃப்ரெட் மோட்டன் பின்னால் பதில் சொன்னார். எனக்கு ஹார்ட்மன் பக்கம்தான் மனம் சாய்கிறது. குற்றத்தைச் சொல்ல அகாசியின் பெயரும் ஆண்டும் போதும்; டெலியாவின் உடம்பு எதுக்கு?

ரெண்ட்டியின் வாரிசு நான் என்று டமாரா லேனியர் 2019இல் வழக்குத் தொடுத்தார். படங்கள்மேல் அவருக்குச் சொத்துரிமை இல்லை, மன உளைச்சலுக்கு வழக்காடலாம் என்றது மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், 2022இல். 2025இல் சமரசம்: தகடுகளைச் சார்லஸ்டனிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு விட்டுக்கொடுக்க ஹார்வர்டு ஒப்புக்கொண்டது. நூற்றெழுபத்தஞ்சு வருசம் கழித்து, படம் பிடித்த அதே மாநிலத்துக்கு.