தூக்கம் வராதவருக்கு நாம் சொன்ன மருந்து



தூக்கத்தை அல்லாஹு தஆலா தனது அத்தாட்சிகளில் ஒன்றாக எண்ணிக் காட்டுகிறான். ஸூரத்துர் ரூமில் வானங்களும் பூமியும் படைக்கப்பட்டதையும், மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையும் கூறிய கையோடு, இரவிலும் பகலிலும் நாம் உறங்குவதையும் கூறுகிறான். வானத்துக்கும் பூமிக்கும் பக்கத்தில் வைத்துச் சொல்லப்பட்ட இந்த நிஃமத்தை, அது கைவிட்டுப் போகும் வரை நாம் நிஃமத்தென்றே நினைப்பதில்லை. இரவு இரண்டு மணிக்குச் சுவர்க் கடிகாரத்தின் சப்தத்தைக் கேட்டுக்கொண்டு புரண்டு படுப்பவரிடம் விசாரித்தால் அதன் விலை தெரியும்.

நாம் மதரஸாவிலிருந்து ஸனது வாங்கி வந்த புதிது. பாகாயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜுமுஆ முடிந்ததும், ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துச் சென்றார். அவருடைய தாயார், கணவர் வஃபாத்தான சமயத்தில் தூக்கமின்றித் தவித்திருக்கிறார். டாக்டர் பத்து நாளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் ஆறு வருஷமாகிவிட்டது. பழைய சீட்டைக் காட்டி, பிறகு சீட்டே இல்லாமல், ஏதோ ஒரு மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். "ஹஜ்ரத், இது போதைதானே? சாப்பிடக் கூடுமா?" என்று கேட்டார்.

என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை காலம் என்று நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அதை விட்டுவிடச் சொல்லுங்கள். உளூச் செய்து, ஆயத்துல் குர்ஸீயும் கடைசி மூன்று ஸூராக்களும் ஓதி உடம்பில் தடவிக்கொண்டு வலப்பக்கமாகப் படுக்கச் சொல்லுங்கள். தூக்கம் தானாக வரும்" என்றோம். ஓதச் சொன்னதில் தவறில்லை, அது ஸுன்னத்து. விடச் சொன்னதில்தான் தவறு.

அந்த அம்மையார் ஆலிம் சொன்னால் தட்டாதவர். அன்றிரவே மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டார். மூன்று இரவுகள் கண் மூடவில்லை. கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத பயம். நாலாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பல வருஷம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த வினை என்று டாக்டர் சொன்னார். அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் அந்த மூன்று இரவும் அவர் நினைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? ஓதியும் தூக்கம் வரவில்லையே, தம் ஈமானில் ஏதோ குறை இருக்கிறது என்று! வலிப்பைவிட இதைக் கேட்டபோதுதான் நாம் அதிகம் கலங்கினோம்.

அபூதாவூதில் வரும் ஒரு சம்பவம் நமக்கு அப்போது நினைவு வந்தது. பிரயாணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய வழியுண்டா என்று தோழர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றுவிட்டார்களே என்று கோபித்து, தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு நிவாரணம் கேட்பதல்லவா என்று கண்டித்தார்கள். பலமுறை பாடம் ஓதிய ஹதீஸ்தான். அது நம்மைப் பற்றியது என்று தோன்றியதில்லை.

ஆகவே கேட்கத் தொடங்கினோம். டாக்டர்களிடம் கேட்டோம், யூனானி ஹகீம்களிடம் கேட்டோம். தெரிந்துகொண்டதை வீட்டார் பயனடைவதற்காக எழுதுகிறோம். இதை வைத்துக்கொண்டு யாரும் தாமே மருந்தை ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

நம் பெரியவர்கள் காம்போஸ் என்று அறிந்திருந்த டயஸிபாம், பிறகு பரவலான அல்ப்ராஸோலாம் முதலியவை ஒரே குடும்பம். சில நாட்கள், சில வாரங்களுக்கு நன்றாக வேலை செய்யும். நாளாக ஆக அதே அளவு போதாமல் போகும், விட்டால் முன்னைவிடத் தூக்கம் கெடும். நீண்ட காலம் சாப்பிட்டவர் டாக்டர் சொற்படி வாரக் கணக்கில், மாதக் கணக்கில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். 2014 மார்ச் முதல் இவற்றைச் சீட்டின்றி விற்கக் கூடாதென்பதோடு, வாங்கியவர் விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றும் சட்டம் இறுகியிருக்கிறது. ஸோல்பிடெம் என்பது வேறு வகை. அதைச் சாப்பிட்டுத் தூக்கத்திலேயே எழுந்து நடந்தவர்களும் அடுப்பு மூட்டியவர்களும் உண்டு. பெண்களின் உடலில் அது மெதுவாகக் கழிவதால், 2013இல் அமெரிக்க அரசு பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தது. மாமியாருக்கு எழுதிய மாத்திரையில் பாதியை மருமகளுக்குக் கொடுக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் அவில் போன்றவற்றைத் தூக்கத்துக்கென்று விழுங்குகிறவர்கள் அநேகர். மறுநாள் மந்தமும், வயோதிகர்களுக்குக் குழப்பமும், சிறுநீர் அடைப்பும், விழுந்து எலும்பு முறிவதும் இதன் கூலி. மெலடோனின் என்பது இருட்டினதும் உடலே சுரக்கும் பொருள். ராத்திரி ஷிப்ட், வெளிநாட்டுப் பிரயாணம் ஆகியவற்றால் நேரம் மாறியவர்களுக்கே இதில் பலன் தெரியும். கேப்ஸ்யூலாக இருந்தால் உறை எதனால் ஆனது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

பச்சிலைக்குப் பக்க விளைவே இல்லை என்று சொல்பவர்களுக்கு சர்ப்பகந்தியைச் சொல்லலாம். புத்தி பேதலித்தவர்களையும் உறக்கமற்றவர்களையும் அடக்க ஹகீம்கள் கையாண்ட வேர் அது. டில்லியில் ஹகீம் அஜ்மல்கான் ஊக்குவித்த ஆராய்ச்சியில், 1931இல் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி அதிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, ஹகீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1952இல் ஸ்விட்ஸர்லாந்தில் அதே வேரிலிருந்து ரெஸர்பின் பிரிக்கப்பட்டது. அது ரத்தக் கொதிப்பை இறக்கிற்று, சிலருடைய மனத்தையும் சேர்த்து இறக்கிவிட்டது. வேர் என்பதால் நஞ்சு நஞ்சில்லாமல் போவதில்லை.

தலைக்குத் தேய்க்கும் ரோகன் லபூப் ஸப்ஆவும் வெதுவெதுப்பான பாலும் பெரிய கெடுதல் இல்லாதவை. சிலருக்கு இதமளிக்கின்றன. ஜாதிக்காயோ அப்படியல்ல. கறியில் மணத்துக்கு ஒரு சிட்டிகை வேறு, பாலில் கரண்டிக் கணக்கில் கலப்பது வேறு. அதிகமானால் மயக்கும். மக்காவில் வாழ்ந்த இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ போன்றோர் அதைப் பற்றிக் கடுமையாக எழுதியதற்குக் காரணம் இதுதான். கசகசாவின் விதை போதைப் பொருளல்ல, போதை அதன் காயிலுள்ள பாலில் இருக்கிறது. ஆனாலும் அரபு நாடுகள் பலவற்றில் விதைக்கும் தடை உண்டு. துபாயிலுள்ள மகனுக்குத் தூக்கம் வரட்டுமென்று பொட்டலம் கட்டி அனுப்பி, அவனை ஜெயிலில் வைத்துவிடாதீர்கள்.

இனி, போதையா என்ற கேள்வி. இன்பத்துக்காகவும் மதி மயங்குவதற்காகவும் எதைத் தின்றாலும் ஹராம். வைத்தியர் நோய்க்காக அளவிட்டுக் கொடுப்பது அதில் சேராது. பன்ஜ் எனும் குரோசாணி ஓமத்தைப் பற்றி ஹனஃபீ நூல்களில் நம் முன்னோர் மருந்துக்கும் விளையாட்டுக்கும் இடையே இந்த வித்தியாசத்தைத்தான் வைத்தார்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு ஒரு டாக்டர் சொன்னதுதான் நமக்கு வியப்பாக இருந்தது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையே அல்ல, பழக்கத்தைத் திருத்தும் பயிற்சி என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவித்திருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். படுக்கையில் விழித்துக் கிடக்காமல் எழுந்து வேறிடத்தில் அமர்ந்து, உறக்கம் வந்தபின் திரும்ப வேண்டும். பகல் தூக்கத்தைச் சுருக்க வேண்டும். பஜ்ருக்கு எழுபவருக்கு முதல் விதி ஏற்கெனவே கடமை. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபியவர்கள் (ஸல்) வெறுத்ததும் நமக்குத் தெரியும். நாமோ இஷாவுக்குப் பிறகுதான் செல்போனைக் கையில் எடுக்கிறோம், பஜ்ரு தொழுதுவிட்டு ஒன்பது மணி வரை தூங்குகிறோம்!

ஓதுவதைப் பற்றியும் ஒன்று. முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு என்று தஸ்பீஹ் எண்ணி, முடிந்ததும் தூக்கம் வந்துவிட்டதா என்று பார்ப்பவருக்கு வராது. பார்ப்பதே விழிக்க வைக்கும். திக்ரை மாத்திரையாக்கினால் அதற்கும் அளவு போதாமல் போய்விடும். ஓதுவது அல்லாஹ்வுக்காக. தூக்கத்தை அவன் எப்போது அனுப்புவானோ, அப்போது அனுப்பட்டும்.

குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறி எழுபவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்தாகலாம். நள்ளிரவு கடந்து விழித்து, எதிலும் பிடிப்பின்றி அழுபவருக்குத் தூக்கமின்மை நோயல்ல, மனச்சோர்வின் அடையாளம். இவர்களை மனநல டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னால் வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். "பாகாயத்துக்கு அனுப்பணும்" என்பது நம் பக்கத்தில் வசவாகிவிட்டது. 1957இலிருந்து இங்கே இயங்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், வீட்டாரையும் நோயாளியோடு தங்க வைத்துப் பார்க்கும் முறைக்குப் பேர் பெற்றது. பிற ஊர்க்காரர்கள் ரயிலேறித் தேடி வரும் இடம், நமக்கு வசவு.

அந்த அம்மையாருக்கு மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, ஐந்து மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். நாம் மன்னிப்புக் கேட்கப் போனோம். திரைக்கு அப்பாலிருந்து ஸலாமுக்குப் பதில் சொன்னவர், நம் மன்னிப்பைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. பேரன் கையில் ஒரு பழைய நோட்டைக் கொடுத்தனுப்பினார். பக்கம் பக்கமாகப் பென்சில் கோடுகள். மாத்திரை மயக்கத்தில் சூரியன் உதித்த பின் எழுந்து, எழுந்தவுடன் தொழுத பஜ்ருகளின் கணக்காம். "இதெல்லாம் இன்னொரு தடவை தொழணுமா, ஹஜ்ரத்?" என்றார்.

வேண்டாம் அம்மா, தூங்கிவிட்டவர் விழித்ததும் தொழுதால் நிறைவேறிவிட்டது என்று சொன்னோம். அது நாம் படித்த பாடம்.