கைவினையும் மிகுபொருளும்

இல்லத்தை அழகுற வைத்துக்கொள்ள விழைவது மனித இயல்பு. குடிசையாயினும் மாடமாயினும், வாயிலில் ஒரு கோலம், நிலைப்படியில் ஒரு மாவிலைத் தோரணம், கூடத்துச் சுவரில் ஒரு படம் என ஏதேனும் ஓர் அழகு இல்லாத வீட்டை நம் ஊர்களில் காண்பது அரிது. அவ்வழகை விலை கொடுத்து வாங்காமல், வீட்டில் கழித்துப் போடும் பொருள்களைக் கொண்டே கையால் செய்துகொள்வது இன்னும் சிறப்புடையது என்பர். பழைய திருமண அழைப்பிதழ் கடித உறையாகிறது. உடைந்த கண்ணாடி வளையல் வாயில் தோரணமாகிறது. வெற்றுக் குப்பி பூச்சாடியாகிறது. செலவும் இல்லை, குப்பையும் குறைகிறது, கையும் சும்மா இருப்பதில்லை.

இதில் அற ஆராய்ச்சிக்கு என்ன இடம் உண்டு என்று அன்பர்கள் வினவலாம். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம். எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே இவ்வினாவை எங்கள் முன் நிறுத்திற்று.

பாட்டியார் செய்த கூடை

எங்கள் பாட்டியார் காகிதக் கூடை செய்வதில் தேர்ந்தவர். பழைய நாளிதழ்களையும், பிள்ளைகள் எழுதித் தீர்ந்த ஏடுகளையும் கிழித்து மூன்று நாள் தண்ணீரில் ஊற வைப்பார். ஒரு பிடி வெந்தயத்தையும் தனியே ஊற வைத்து, இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் வெண்ணெய் போல ஆட்டுவார். குண்டானைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணியை விரித்து, கூழைச் சீராக அப்பி வெயிலில் வைப்பார். பாதி காய்ந்ததும் குண்டானை உருவி எடுத்துவிட்டு உட்புறத்தையும் காயவிடுவார். வெந்தயத்தின் பசை காகித நாரைப் பிணைக்கும். அதன் கசப்பால் பூச்சி அண்டாது என்பது அவர் கூற்று. இறுதியாகச் செம்மண் பூச்சும், சுண்ணாம்புக் கோடுகளும் இடுவார். உளுந்தும் பயறும் வைக்கும் அக்கூடை, கூடத்தின் மூலையில் ஓர் ஓவியம் போல இருக்கும்.

பாட்டியார் இரண்டு கூடைக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. மூன்றாவது ஒன்று செய்தால் அது அண்டை வீட்டிற்கோ, மணமாகிச் செல்லும் பெண்ணுக்கோ போய்விடும். காகிதம் சேர்ந்துவிட்டது என்பதற்காக அவர் கூடை செய்ததில்லை. கூடை வேண்டியிருந்தபோதுதான் காகிதம் தேடினார். இவ்வேறுபாட்டின் பொருள் அந்நாளில் எங்களுக்கு விளங்கவில்லை.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று, பயனின்றிச் செய்யும் தீமையை விலக்குதல். அதனை அனர்த்த தண்ட விரதம் என்பர். காரணமின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், செடியைக் கிள்ளுதல் ஆகியன அதனால் விலக்கப்படுகின்றன. இன்னும் பயன்படக்கூடிய பொருளை வீணே எறிவதையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுவது பொருந்தும். ஏனெனில் நாம் எறிந்த பொருளின் இடத்திற்கு மற்றொன்றை உண்டாக்க வேறொரு மரமும், நீரும், நெருப்பும் தேவைப்படுகின்றன. ஆகவே கழிபொருளைக் கொண்டு கைவினை செய்வது அறத்தோடு இயைந்ததே. அதில் ஐயமில்லை. அச்செயலின் நிழலில் வளரும் மற்றொன்றையே நாம் ஆராய வேண்டியுள்ளது.

பரணில் நிகழ்ந்தது

அடுத்த தலைமுறையில் எங்கள் பெண்மக்கள் பள்ளி விடுமுறையில் கைவினை வகுப்புக்குச் சென்றனர். குச்சிகளால் விளக்குக்கூடு, துணித் துண்டுகளால் கால்மிதி, தேங்காய் ஓட்டில் எழுதுகோல் தாங்கி என அழகழகாகச் செய்துவந்தனர். நாங்கள் மிக மகிழ்ந்தோம். “எதையும் எறியாதீர்கள், ஒரு நாள் உதவும்” என்பது எங்கள் வீட்டின் வழக்குச் சொல்லாயிற்று. அட்டைப் பெட்டிகள், நூற்கண்டின் உருளைகள், பழைய குறுந்தகடுகள், தையற்காரர் கழித்த துணிகள், திருமணங்களில் தாம்பூலத்துடன் வந்த மஞ்சட் பைகள் எனப் பலவும் பரண் ஏறின. செய்தது பத்து என்றால் சேர்ந்தது நூறு.

ஓர் ஐப்பசி மழையின்போது பரணிலிருந்து ஈரவாடை வீசிற்று. ஏறிப் பார்த்தோம். சுவரோரமாகக் கரையான் மண்புற்று ஏறி அட்டைப் பெட்டிகளை அரித்திருந்தது. மடிப்புகளுக்குள் கரப்பான்களும் இராமபாணப் பூச்சிகளும் குடும்பம் குடும்பமாக இருந்தன. மைதாப் பசை ஒட்டிய இடமெல்லாம் அவற்றிற்கு உணவாகியிருந்தது. கூடத்துச் சன்னலில் அழகுக்காக நீரூற்றிக் கொடி வளர்த்த குப்பிகளைப் பார்த்தால், அவற்றினுள் கொசுப்புழுக்கள் நெளிந்தன. பரணைத் தாங்கிய மர உத்திரத்திற்கும் கேடு வருமோ என்று அஞ்சி, மருந்து தெளிப்பவரை அழைத்தோம். ஒரு பகலும் ஓர் இரவும் வீட்டைப் பூட்டி வைத்தோம். மறுநாள் காலை பெருக்கியபோது இரண்டு முறம் நிறைந்தது.

ஞாயிறு மறைந்தபின் உண்ணாத வீடு அது. வடிகட்டாத நீரைப் பருகாத வீடு. அவ்வீட்டிலிருந்து இரண்டு முறம் உயிர்களை அள்ளிக் கொட்டினோம். அன்று எவரும் வாய் திறந்து பேசவில்லை.

பிழை எங்கே?

இல்லறத்தில் இருப்போர்க்குச் சில இம்சைகள் தவிர்க்க முடியாதவை. அடுப்பெரித்தல், பெருக்குதல், நீரிறைத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் நேர்வனவற்றை ஆரம்ப இம்சை என்று நம் ஆன்றோர் தனியே வகுத்துள்ளனர். பரணில் நிகழ்ந்ததும் அவ்வகையே அன்றோ என்று உறவினர் ஒருவர் எங்களுக்கு ஆறுதல் கூறினார். எங்கள் மனம் அதனை ஏற்கவில்லை. உண்ணாமல் உயிர் வாழ இயலாது. ஆதலின் அடுப்பு தேவை. நூறு வெற்றுப் பெட்டிகள் இல்லாமல் உயிர் வாழ இயலாதா? மருந்தைத் தெளித்த நாளில் கொலை தொடங்கவில்லை. வேண்டாத பெட்டியை “இருக்கட்டும்” என்று மேலே ஏற்றிய நாளிலேயே அதற்கு வித்திட்டோம். பூச்சிகளுக்கு இருளும் ஈரமும் உணவும் தந்து, வீடமைத்துக் கொடுத்து, பிறகு குடியேறியமைக்காக அவற்றைக் கொன்றோம்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை ஏற்கும்போது, நிலம், மனை, பொன், வெள்ளி, தானியம், துணி, பாத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு வகுத்துக்கொள்கிறோம். வெற்று டப்பாவை எவரும் அதில் எண்ணுவதில்லை. அதற்கு விலை இல்லையே என்று விட்டுவிடுகிறோம். பற்று விலையைப் பார்த்து வருவதில்லை. “ஒரு நாள் உதவும்” என்று சொல்லும்போது நாம் சிக்கனத்தைப் பேசுவதாக எண்ணுகிறோம். உண்மையில் அது வாராத ஒரு நாளுக்காக வைத்திருக்கும் உடைமை. கொல்லாமையும் மிகுபொருள் விரும்பாமையும் இரு வேறு விரதங்கள் என்று பாடமாகக் கற்றிருந்தோம். இரண்டும் ஒரே பரணில் முறிந்ததை அன்றே கண்டோம்.

சேர்ப்போர் அனைவரும் பற்றுடையோர் என்றும் கூறிவிட முடியாது. சண்டிகர் நகரம் எழுந்துகொண்டிருந்த காலத்தில் அங்குச் சாலை ஆய்வாளராகப் பணிபுரிந்தவர் நேக் சந்த். புதிய நகருக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் ஓடு, பீங்கான், கண்ணாடி வளையல் முதலியவற்றைச் சேகரித்து, 1957-ஆம் ஆண்டு தொடங்கி, காட்டின் நடுவே எவரும் அறியாமல் சிலைகளை உருவாக்கி வந்தார். 1976-ஆம் ஆண்டு அது மக்கள் காணும் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அவர் 2015-ஆம் ஆண்டு மறைந்தார். பூங்கா அனைவர்க்கும் உரியதாக நிற்கிறது. அவர் சேர்த்த வளையல் துண்டு வடிவம் பெற்றுப் பிறர்க்குச் சேர்ந்தது. நாம் சேர்த்தது வடிவமும் பெறவில்லை, பிறர்க்கும் சேரவில்லை.

பொருளின் பிறப்பு

கைவினைக்கு எடுக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் வினவத் தக்கது. தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்தி வந்த வச்சிரம் விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுப்பது. மரப்பொருளுக்கு மெருகேற்றும் அரக்கு, மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. கிளையோடு வெட்டிச் சுரண்டும்போது அவை மடிகின்றன. பட்டுக்கூட்டை வெட்டிப் பூவும் மாலையும் செய்வதுண்டு. நூலெடுக்கும் கூட்டினுள் இருக்கும் புழு வெப்பத்தால் கொல்லப்படுவதை நாம் அறிவோம். அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய வெற்றுக்கூடு தானே இது என்று சிலர் அமைதி கூறுவர். அக்கூடுகள் வரும் முட்டை நிலையங்களில், முட்டையிட்ட தாய்ப் பூச்சியை நசுக்கி நோய் உண்டா என்று சோதிப்பது நடைமுறை என்பதையும் அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். வேலம்பிசின், புளியங்கொட்டைப் பசை, பருத்தி, பனையோலை, காகிதம் என்று இத்தகைய ஐயத்திற்கு இடமில்லாத பொருள்கள் நம்மிடம் நிறையவே உள்ளன.

பிறப்பு தூயதாக இருந்தாலும் பயன் என்ன என்ற கேள்வி எஞ்சும். மயில் ஆண்டுதோறும் தன் தோகையைத் தானே உதிர்க்கிறது. உதிர்ந்த இறகுகளைக் கட்டியே நம் முனிவர்களின் பிஞ்சி ஆகிறது. அமரும் இடத்தில் உள்ள சிற்றுயிரை ஊறு செய்யாமல் விலக்க அது உதவுகிறது. அதே இறகு நம் கூடத்துச் சாடியில் நின்று தூசியைச் சேர்க்கிறது. உதிர்ந்த இறகுதான் இரண்டும். ஒன்று உயிரைக் காக்கிறது. மற்றது நம் கண்ணுக்கு மட்டும் பணி செய்கிறது. கண்ணுக்குப் பணி செய்வது குற்றமன்று. ஆயினும் இரண்டையும் ஒரு தட்டில் வைத்தல் இயலாது.

“நாம் செய்தது” என்னும் செருக்கு

பரண் காலியானபின் பாட்டியாரின் கூடைகளில் எஞ்சிய ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் காட்சியாக வைத்தோம். தங்கையின் நான்கு வயது மகன் ஒரு நாள் அதனை எடுத்து விளையாடி விளிம்பை உடைத்துவிட்டான். கடையில் வாங்கிய பீங்கான் கிண்ணம் உடைந்திருந்தால் “போகட்டும்” என்றிருப்போம். அன்று கடுமையாக வைதுவிட்டோம். குழந்தை ஊற்றிய பாலைக் குடிக்காமல் அழுதுகொண்டே தாயின் பின்னே ஒளிந்தான்.

வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கடுகுணங்களும் விலையுயர்ந்த பொருளைச் சுற்றியே பிறக்கும் என்று நினைத்திருந்தோம். ஒரு காசும் பெறாத காகிதக் கூழ் வெகுளியைப் பிறப்பித்தது. “எங்கள் குடும்பத்தார் கையால் செய்தது” என்ற செருக்கு அதனை வளர்த்தது. வாங்கிய பொருளில் நம் பணம் மட்டுமே இருக்கிறது. செய்த பொருளில் நம் நாளும் கையும் இருக்கின்றன. ஆதலின் பற்று அங்கு ஆழமாகவே வேர் ஊன்றும். கைவினை செய்வோர் இதனை அறிந்தே செய்ய வேண்டும். விடியலில் இட்ட கோலத்தை எறும்பு தின்னும், வருவோர் கால் மிதிக்கும். இட்டவர் அதற்காக எவரையும் வைததில்லை. நாளை மீண்டும் இடலாம் என்ற துணிவு அவர்க்கு உண்டு.

நாம் மேற்கொண்ட ஒழுங்கு

இப்பட்டறிவிலிருந்து எங்கள் இல்லத்தில் சில ஒழுங்குகளை மேற்கொண்டோம். பொருளைச் சேர்த்துவிட்டுப் பயனைத் தேடுவதில்லை. தேவை எழுந்த பின்னரே பொருளைத் தேடுகிறோம். புதிதாக ஒன்று செய்தால் பழையது ஒன்றை அதனை விரும்பும் ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறோம். கொடி வளர்க்கும் குப்பியின் வாயைத் துணியால் கட்டிவிடுகிறோம். கொசு முட்டையிடாத இடத்தில் புழுவைக் கொல்ல வேண்டிய தேவை எழுவதில்லை. மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுவதால் முனிவர்கள் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குகின்றனர். இல்லறத்தாராகிய நாம் அதற்கு முன்பே, ஆனி மாதத்தில், பரணையும் மூலைமுடுக்கையும் ஒழித்து வைக்கிறோம். ஒழிந்த இடத்தில் உயிர்கள் குடியேறுவதில்லை. நாமும் கொலைப்பழி ஏற்க வேண்டியதில்லை.

கூடை உடைந்த அன்று மாலை எங்கள் அன்னையார், “உங்கள் பாட்டி இருந்திருந்தால் இதை இந்நேரம் ஊறப் போட்டிருப்பார்” என்றார். அவ்வாறே ஊறப் போட்டோம். மூன்றாம் நாள் கூழை ஆட்டும்போது அச்சிறுவனையும் அழைத்து வந்து அருகில் இருத்தினோம். அவன் இரு கைகளாலும் கூழை அப்பினான். கூடை முன்னைவிடச் சிறியதாக, ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து வந்தது. பல்லாங்குழி ஆடும் புளியங்கொட்டைகளைப் போட்டு வைக்க அதனை அவனே வீட்டிற்கு எடுத்துச் சென்றான். அலமாரியில் அவ்விடத்தை நாங்கள் வேறொன்றால் நிரப்பவில்லை.